ஆயில் விளக்கும் அந்த "அடுத்த பெட்ரோல் பங்க்"கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். டயர் காற்று, வைப்பர் ரப்பர், பேட்டரித் தண்ணீர் எல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒரு வரி இருந்தது. டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயில் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஆயில் ஊற்றிக்கொள்ளவும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். "அடுத்த பங்க்" என்கிற அந்த நினைப்பிலேயே ஒரு என்ஜினைத் தொலைத்தவன் நான்.

நான் செங்கோட்டையில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடுகிறேன். அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக்கரண்டி, தாம்பாளம், இதெல்லாம்தான் என் சொத்து. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே இங்கே பாதிக் குடும்பங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் சொந்தம் உண்டு, எனக்கும் பாதி வாடகை அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். மலையாளிகளுக்குச் சிங்க மாதம் (நம் ஆவணி) கல்யாண மாதம், அப்போது வாரத்துக்கு மூன்று தடவை மலை ஏறி இறங்குவேன். வண்டி 1999 மாடல் மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். மழைக்காலத்தில் அடியில் கதகதப்பாக இருக்கும், சித்திரையில் ஏன் இந்த வண்டியை வாங்கினோம் என்று தோன்றும்.

முதல் சம்பவம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. புனலூரில் ஒரு கல்யாணம் முடிந்து பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தென்மலை தாண்டி வளைவுகள் ஆரம்பிக்கும் இடத்தில் ஆயில் விளக்கு ஒரு மின்னு மின்னிவிட்டு அணைந்தது. அடுத்த வளைவில் திரும்பவும். வளைவு முடிந்து நேர் ரோட்டுக்கு வந்தால் அணைந்துவிடும். சரி, ஏதோ ஒயர் லூஸ், குலுக்கலில் தொட்டுத் தொட்டு விடுகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பழைய வண்டி ஓட்டுகிறவனுக்கு இது ஒரு வியாதி, எது எரிந்தாலும் முதலில் ஒயர் மேல்தான் பழி போடுவான். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்தபடி போகிற இடத்தில் விளக்கு அணையாமலே நின்றுவிட்டது. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. ஆரியங்காவு போய்விட்டால் ஆயில் வாங்கிவிடலாம், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்தேன்.

அன்றைக்கு என்னை ஏமாற்றியது பின்னால் இருந்த பாத்திரங்கள். காலி அண்டாவுக்குள் சின்ன அண்டா, அதற்குள் வாளி, மேலே தாம்பாளங்களின் அடுக்கு, அந்தச் சத்தத்தில் என்ஜின் என்ன சொல்கிறது என்று யாருக்குக் கேட்கும்! பாலருவிக்குப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரிக்கு வழி விட மெதுவாகப் போனபோதுதான் சீட்டுக்கு அடியிலிருந்து டக் டக் டக் என்று சுத்தியலால் தட்டுவது மாதிரிக் கேட்டது. அது பாத்திரம் இல்லை என்று புரிவதற்குள் வண்டி ஒரு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், என்ஜின் சுற்றவே இல்லை.

கழற்றிப் பார்த்ததில் நடு சிலிண்டரின் கனெக்டிங் ராடில் இருந்த பேரிங் தகடு உருகி, பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிராங்கில் நகத்தை வைத்து இழுத்தால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. கிராங்கை லேத்தில் கொடுத்து கிரைண்ட் பண்ணி, அண்டர்சைஸ் பேரிங் போட்டு, போரிங் செய்து, கூலியெல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். காரணம் என்ன தெரியுமா? ஆயில் மாற்றும்போது அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், அது சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. இருபது ரூபாய் வாஷர்.

இதில் எனக்குப் பின்னால் புரிந்த விஷயம், வளைவில் மட்டும் மின்னியதே, அதற்கு அர்த்தம் இருந்தது என்பதுதான். என்ஜினுக்கு அடியில் சம்ப் என்கிற தொட்டியில் ஆயில் நிற்கிறது. அதில் முங்கியபடி ஒரு சல்லடைக் குழாய், அது வழியாகத்தான் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. ஆயில் குறைந்திருக்கும்போது வண்டி வளைவில் திரும்பினால், அரை வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் ஒரு பக்கமாக ஏறுமே, அந்த மாதிரி ஆயில் ஒதுங்கிவிடும். சல்லடை காற்றை உறிஞ்சும். நேராக வந்ததும் ஆயில் திரும்பி வரும், விளக்கு அணையும். ஏற்றத்திலும், சடாரென்று பிரேக் பிடிக்கும்போதும் இப்படித்தான். ஆகவே வளைவில் மட்டும் மின்னுகிற விளக்கு என்றால் முதல் சந்தேகம் ஆயில் அளவின் மேல்தான் விழ வேண்டும். அந்த முதல் மின்னலிலேயே ஓரம் கட்டி, ஆயில் அளவு காட்டுகிற குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்திருந்தால் என் செலவு ஒரு லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்கும்.

அப்படியானால் நீங்கள் போட்டதும் சரிதானே, ஆயில் குறைந்ததால்தானே விளக்கு எரிந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் கோளாறு. அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. அதற்கு அளவு தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். என்ஜின் பிளாக்கில் ஆயில் ஓடுகிற வழியில் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு சுவிட்ச் திருகியிருப்பார்கள். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும். அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச்சின் தொடர்பு சேர்ந்திருக்கும், விளக்கு எரியும். அழுத்தம் வந்து சவ்வைத் தள்ளினால் தொடர்பு விட்டுப்போய் விளக்கு அணையும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று விநாடியில் அணைவது இதனால்தான். பெரும்பாலான கார்களில் இந்தச் சுவிட்ச் மாறுகிற இடம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் நடுவில். நல்ல நிலையில் இருக்கிற என்ஜின் சூடான பிறகும் ஓட்டத்தில் மூன்று, நான்கு கிலோ காட்டும். அப்படியென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று கிலோ இரண்டானபோது விளக்கு எரியவில்லை, இரண்டு ஒன்றானபோதும் எரியவில்லை, பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் எரிகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஆயில் படலம் இருந்துதான் இரும்பு இரும்பைத் தொடாமல் சுற்றுகிறது. விளக்கு எரிகிற நேரத்தில் அந்தப் படலம் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. லோடு ஏற்றி மலை ஏறுகிற வண்டியில் அது சில நிமிடக் கதை. இதில் அடுத்த பங்க் எங்கே வந்தது?

இரண்டாவது சம்பவம் போன வருடம். அதே ஆம்னி, செலவழித்துச் சரிசெய்த அதே என்ஜின். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது இரண்டாவது கியரில் நன்றாக மிதித்துக்கொண்டிருந்தேன், முன்னால் ஒரு கல் லாரி. விளக்கு எரிந்தது. காலை எடுத்தேன், அணைந்தது. மிதித்தேன், எரிந்தது. இந்த முறை ஒயர் மேல் பழி போடவில்லை. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, அப்புறம் சாவியை அணைத்தேன். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், பயத்தில் சிலர் ஓடுகிற வண்டியிலேயே, அதுவும் இறக்கத்தில், சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் என்ஜின் நின்றால் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். என்ஜின் போனால் பணம் போகும், மலையில் பிரேக் போனால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பத்தடி பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுச் சீட்டைத் தூக்கினேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தது. ஏற்றத்தில் நிற்கிற வண்டியில் டிப்ஸ்டிக் உண்மை பேசாது என்பதும் தெரியும், அதனால் பின்னால் வந்த தெரிந்த பையன் ஒருவனின் வண்டியில் கயிறு கட்டி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெதுவாகப் புளியரைக்கு இறக்கி, சமமான இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தேன். துணியால் துடைத்து, முழுக்கச் செருகி, எடுத்தால் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. பெட்ரோல் வாசனை இல்லை. பால் விட்ட டீ நிறம் இல்லை, அதாவது தண்ணீர் கலக்கவில்லை. அடியில் சொட்டு இல்லை. ஆனால் விளக்கு எரிந்தது. உங்கள் பெட்டிச் செய்தியை நம்பியிருந்தால் இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன்? இருக்கிற ஆயிலுக்கு மேல் இன்னும் ஒரு லிட்டர் ஊற்றியிருப்பேன். மூன்று லிட்டர் பிடிக்கிற என்ஜினில் நான்கு லிட்டர் நின்றால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், பம்புக்குப் போவது பாதி காற்று, அழுத்தம் இன்னும் இறங்கும். கோளாறு ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகியிருக்கும்.

வண்டியை வழக்கமாக விடுகிற ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோனேன். ஊர் பெயர், கடை பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான், அவசரம் அதிகம். ஸ்டார்ட் பண்ணி ஒரு ரேஸ் கொடுத்து, விளக்கு எரிந்ததைப் பார்த்ததுமே முடிவு சொல்லிவிட்டார்கள். பேரிங் போயிருக்கும் அண்ணாச்சி, ஏற்கெனவே கிரைண்ட் பண்ணின கிராங்குதானே, என்ஜினை இறக்கிரலாம், நாற்பதுக்குள்ள முடிச்சுத் தாரேன் என்றார். நாற்பது என்பது நாற்பதாயிரம். வேறு எதையும் தொடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து புனலூர் ஆசானுக்குப் போன் போட்டேன்.

ஆசான் என்பது அங்கே எல்லோரும் கூப்பிடுவது. அறுபது தாண்டிய மெக்கானிக், அம்பாசடரும் பத்மினியும் ரோட்டில் நிறைந்திருந்த காலத்திலிருந்து கை கறுத்தவர். தமிழ் பேசுவார், பாதியில் மலையாளம் புகுந்துவிடும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லைட் கத்தினப்போ ஓஃப் ஆக்கியோ?" மலையாளத்தில் விளக்கு எரிவதைக் கத்துவது என்பார்கள். எத்தனையோ வருடமாகக் கேட்கிற வார்த்தை, அன்றைக்குத்தான் அது எனக்குத் தமிழிலும் சரியாகப் பட்டது. ஓஃப் ஆக்கினேன் என்றேன். "பின்னே பேடிக்கண்டா, நாளைக்கு வராம்", அப்படியானால் பயப்பட வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டார். சொன்ன மாதிரியே மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு துணிப்பை, அதில் நான்கைந்து ஸ்பேனர், ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டிய பிரஷர் கேஜ்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் சாவியை ஆன் செய்தார், ஸ்டார்ட் செய்யவில்லை. விளக்கு எரிந்தது. ஆயில் சுவிட்ச்சிலிருந்து அந்த ஒற்றை ஒயரைப் பிடுங்கினார், விளக்கு அணைந்தது. அணையாமல் இருந்திருந்தால் ஒயர் எங்கேயோ தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, விளக்கை வைத்து என்ஜின் மேல் குற்றம் சொல்ல முடியாது என்று அர்த்தம். பிடுங்கிய ஒயரின் முனையை என்ஜின் இரும்பில் துருவில்லாத இடமாகப் பார்த்துத் தொட்டார், திரும்ப எரிந்தது. ஆக ஒயரும் பல்பும் சரி. இதற்கு எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அடுத்தது சுவிட்ச் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கேஜைத் திருகி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

முள் மூன்றரைக்குப் போய் நின்றது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, சுவிட்ச்தான் போல, 200 ரூபாயில் முடிந்தது என்று. ஆசான் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓடவிட்டார். முள் இரண்டு கிட்ட வந்தது, சூடானால் ஆயில் இளகும், இறங்குவது இயற்கைதான். அப்புறம் மெல்ல ரேஸ் கொடுக்கச் சொன்னார். ரேஸ் கொடுத்தால் பம்ப் வேகமாகச் சுற்றும், முள் ஏற வேண்டும், அதுதான் நியாயம். ஏறவில்லை, இறங்கியது. கொடுக்கக் கொடுக்க இறங்கியது. ஒன்றுக்குக் கீழே போனதும் கையைக் காட்டி அணைக்கச் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முள் பழையபடி மேலே!

பேரிங் தேய்ந்த என்ஜின் இப்படி நடக்காதாம். அதில் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, முள் கீழே கிடக்கும், விளக்கு மினுக் மினுக் என்னும், ரேஸ் கொடுத்தால் ஏறும், விளக்கு அணையும். சூட்டில் மோசமாகும், ஆறினால் தேறும். இதுவோ தலைகீழ். பம்ப் அதிகம் கேட்கும்போதுதான் கிடைக்கவில்லை என்றால் உறிஞ்சுகிற வாயில் ஏதோ அடைத்திருக்கிறது, நிறுத்தியதும் அது சல்லடையை விட்டு உதிர்ந்துவிடுகிறது, மறுபடி ஓடினால் மறுபடி போய் ஒட்டுகிறது. ஆசான் என்னிடம் கேட்டது ஒன்றுதான், சமீபத்தில் சம்பை யாராவது கழற்றினார்களா? மூன்று மாதத்துக்கு முன் ஒழுகுகிறது என்று சம்பின் மூட்டில் வைக்கிற கேஸ்கட்டை மாற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்றியது, நாற்பதாயிரம் சொன்ன அதே ஒர்க்‌ஷாப்.

சம்பை இறக்கினார். சல்லடையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பாயசத்துச் சேமியா மாதிரி நீல நிறத்தில் நூல் நூலாக, பாதிச் சல்லடையை மூடிக்கொண்டு! கேஸ்கட்டுக்குப் பூசுகிற சிலிக்கான் பேஸ்ட். ஒழுகக் கூடாதே என்று ட்யூபைத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள், சம்பை வைத்து இறுக்கும்போது அதிகமானது வெளியே வழிந்த மாதிரியே உள்ளேயும் வழிந்திருக்கிறது. வெளியே வழிந்ததை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி அழகாக்கினார்கள், உள்ளே வழிந்ததை யார் சுரண்டுவது? சூடான ஆயிலில் ஊறி இற்று விழுந்து நேராகச் சல்லடைக்குப் போயிருக்கிறது. இட்லிக்கு மாவு ஊற்றுகிற கை, ஜாங்கிரிக்குப் பிழிகிற கை என்று சமையல்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இந்த வேலைக்கு ஜாங்கிரிக் கை வேண்டும், மெல்லிசாக ஒரு இழை.

கழுவி, மாட்டி, புது ஃபில்டர், புது ஆயில், அவர் கூலி, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் ஆனது. பேரிங் ஒன்றைத் திறந்து பார்த்தார், கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்கு எஸ் வளைவில் ஓஃப் ஆக்கியதால் தப்பித்த பேரிங் அது.

காரணம் எப்போதும் இதுவாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. இந்த மலையடிவாரத்தில் நான் கண்ணால் பார்த்ததிலேயே பல விதம். என் மச்சினன் மாருதி 800-இல் சுவிட்ச்சே ஒழுகி, ஒயர் மாட்டுகிற முனையில் ஆயில் ஊறியிருந்தது, சுவிட்ச்சை மாற்றியதும் சரியாகிவிட்டது, அவனுக்கும் என்ஜின் இறக்கச் சொல்லி ஒருவர் நாள் குறித்திருந்தார். இன்னொருவருக்கு டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது, ஊற்றாமலே ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் போய்க் கலந்துவிடும், ஆயில் தண்ணீராகிவிடும், அழுத்தம் எங்கிருந்து வரும். அந்த மாதிரி வண்டியை ஓட்டுவது அழுத்தத்துக்கு மட்டுமல்ல, தீக்கும் ஆபத்து. இன்னும் பம்பின் பல் தேய்வது, பிரஷர் வால்வின் ஸ்பிரிங் ஒடிவது, வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் தார் மாதிரிக் கசண்டு கட்டுவது என்று பட்டியல் நீளும். கசண்டு என்றதும் ஞாபகம் வருகிறது, ஃப்ளஷ் ஊற்றிக் கழுவுகிறேன் என்று பழைய என்ஜினில் யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஓரத்தில் ஒட்டிக்கிடக்கிற கசண்டு கட்டியாகப் பெயர்ந்து வந்து சல்லடையில்தான் உட்காரும்.

கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பதும் இங்கே ஒரு பழக்கம். 20டபிள்யூ40 போட வேண்டிய வண்டியில் 20டபிள்யூ50 போட்டால் சூட்டிலும் கொஞ்சம் கெட்டியாக நிற்கும், ஐடிலில் மினுக்குவது நின்றுவிடும். தேய்ந்த என்ஜினைக் கொஞ்ச நாள் ஓட்ட, தெரிந்தே செய்தால் சரி என்பேன், ஆசானே செய்வார். ஆனால் விற்பதற்கு முன்னால் செய்கிறவர்கள்தான் அதிகம். அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று உண்டு. ஆயில் விளக்கு அணைய மறுக்கிற வண்டியில் பல்பையே பிடுங்கிவிடுவார்கள், கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் பல்பை பேட்டரி சார்ஜ் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், சாவி போட்டால் இரண்டும் எரியும், ஸ்டார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து அணையும், வாங்குகிறவனுக்குச் சந்தேகமே வராது. எல்லை தாண்டிப் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இங்கே இரண்டு பக்கத்திலும் நிறைய. ஆர்சி, ரோடு டேக்ஸ், என்ஓசி எல்லாம் கேட்கிறீர்கள், சாவியை ஆன் செய்து ஆயில் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கச் சொல்லியும் ஒரு தடவை கேளுங்கள். ஸ்டார்ட் செய்தால் அணைகிற அந்தச் சிவப்பு விளக்கு, ஒயரைப் பிடுங்கியதும் அணையவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இதெல்லாம் ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள பழைய வண்டிகளுக்குச் சொல்வது, கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் போய் எதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

நவம்பர் வந்தால் மாலை போட்ட சாமிகள் வண்டிகள் இந்த வழியாக வர ஆரம்பிக்கும். மதுரைப் பக்கத்திலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வருகிறவர்களில் எத்தனையோ பேர் வருடம் முழுக்கச் சமதளத்தில் ஓட்டிய பழைய வண்டியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு புளியரை ஏற்றத்துக்கு வருகிறார்கள். சமதளத்தில் அரை லிட்டர் குறைந்திருந்தால் தெரியாது, இந்த வளைவுகளில்தான் அது காட்டிக்கொடுக்கும். எஸ் வளைவில் விளக்கு மினுக்கும், பெரியசாமி "ஒயரா இருக்கும், போ" என்பார். ஆரியங்காவு ஐயப்பன் கோயில் வாசலில் முன் சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து நிற்கிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அவர்களில் யாராவது உங்கள் பத்திரிகை படிப்பவராகவும் இருப்பார்.

ஆகவே அந்த வரியைத் திருத்தி ஒரு தடவை போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்கவும், சமமான இடத்தில் ஐந்து நிமிடம் கழித்து அளவு பார்க்கவும், குறைந்திருந்தால் மேல் கோடு வரை மட்டும் ஊற்றிப் பார்க்கவும், அளவு சரியாக இருந்தும் எரிந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் கட்டி இழுத்துப் போகவும், கேஜ் வைத்துப் பார்க்காமல் என்ஜினை இறக்க யாருக்கும் சம்மதம் கொடுக்க வேண்டாம். இவ்வளவுதான், உங்கள் பெட்டியில் இதற்கு இடம் இருக்கும், வைப்பர் ரப்பரைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

அந்த நீல நூல்களை ஒரு பழைய தேன் பாட்டிலில் போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் என்னவோ மருந்து என்று விலை கேட்கிறார்கள். படம் வேண்டுமென்றால் நிருபரை அனுப்புங்கள். முற்பகலில் வந்தால் நல்லது, மத்தியானத்துக்கு மேல் லோடு ஏற்றப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
பாத்திரக் கடைக்காரன்,
செங்கோட்டை.